வரிசையில் நிற்கப் பழக்குவோம்



சமய வகுப்புப் பக்கத்தில் வழக்கமாகப் பண்டிகை விளக்கமோ நாயன்மார் வரலாறோ வரும். இம்முறை வரிசையைப் பற்றி எழுதுகிறேன். விபூதி வாங்க, தீர்த்தம் வாங்க, அன்னதானத்துக்குத் தட்டு எடுக்க என்று ஆலயத்துக்கு வரும் ஒரு நாளில் மூன்று நான்கு முறையாவது நாம் வரிசையில் நிற்கிறோம். பெரும்பாலான பிள்ளைகள் அதை நம்மைப் பார்த்தே பழகிவிடுகிறார்கள். சில பிள்ளைகளுக்கு அது பார்த்துப் பழகும் காரியம் அல்ல. எழுத்தையும் எண்ணையும் போல, படிப்படியாகச் சொல்லித்தர வேண்டிய பாடம். இதை நான் ஒரு தவறு செய்த பிறகுதான் அறிந்துகொண்டேன். ஆகவே அந்தத் தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

என்னுடைய தவறு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விசேட பூசை நாள். மண்டபத்தில் அன்னதான வரிசை வாசற்படி வரை நீண்டிருந்தது. எங்கள் வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருந்த ஏழு வயதுத் தம்பி ஒருவன் தாயின் கையை விட்டு ஓடி, எல்லோரையும் தாண்டிச் சென்று சோற்றுப் பாத்திரத்துக்கு அருகே நின்றான். திரும்பி வரச் சொன்னபோது நிலத்தில் படுத்துக்கொண்டான். வரிசையில் நின்ற ஒருவர், "அடியாத மாடு படியாது" என்றார். அது தாயின் காதில் விழுந்தது.

நான் செய்தது அதைவிட மோசம். ரீச்சர் சொன்னால் கேட்பான் என்று நினைத்து, அவன் கையைப் பிடித்து எழுப்பி, வரிசையின் கடைசிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவன் மற்றக் கையால் காதைப் பொத்திக்கொண்டு அலறினான். தாய் என்னோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, செருப்புகளைக் கையில் எடுத்தபடியே வெளியே போனார். எட்டு மாதம் அவர்கள் ஆலயத்துப் பக்கம் வரவில்லை.

பிறகு நான் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டபோது அவர் சொன்னது இன்னும் என் மனதில் நிற்கிறது. "ரீச்சர், வரிசையில நில் எண்டு எல்லாரும் சொல்லீனம். வரிசை எண்டால் என்னெண்டு அவனுக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை."

அவனுக்கு ஓட்டிசம் இருப்பதை மருத்துவர்கள் ஏற்கெனவே உறுதிசெய்திருந்தார்கள். அதைத் தாய் எங்களிடம் சொல்லவில்லை. சொல்லக்கூடிய இடமாக எங்கள் வகுப்பு இருக்கவில்லை என்பதே உண்மை. அதன் பின் அந்தத் தாயிடமும், அவனுடைய பாடசாலையில் சிறப்புத் தேவைகளுக்குப் பொறுப்பான ஆசிரியையிடமும் கேட்டுக் கற்றவற்றையும், வகுப்பில் செய்து பார்த்தவற்றையும் இங்கே தருகிறேன்.

வரிசைக்குள் ஏழு பாடங்கள்

"வரிசையில் நில்" என்பது நமக்கு ஒரே கட்டளை. உண்மையில் அதற்குள் ஏழு வேலைகள் இருக்கின்றன:

1. வரிசையின் கடைசி எது என்று கண்டுபிடித்து அங்கே போய்ச் சேர்வது.
2. முன்னால் நிற்பவர் நின்றால் நிற்பது, நகர்ந்தால் நகர்வது.
3. முன்னவரை இடிக்காமலும் அதிகம் விலகாமலும் இடைவெளி விடுவது.
4. பின்னால் நிற்பவரின் உடல் தற்செயலாகப் பட்டால் பொறுத்துக்கொள்வது.
5. எப்போது முடியும் என்று தெரியாமலே காத்திருப்பது.
6. தன் வேகத்தை விட்டு மற்றவர் வேகத்தில் நடப்பது.
7. சத்தமோ வெளிச்சமோ கவனத்தை இழுத்தாலும் தன் இடத்தை விடாமல் இருப்பது.

ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு இவற்றில் எதுவும் இயல்பாக வராமல் போகலாம். கவனக்குறைவும் மிகையான துடிப்பும் உள்ள பிள்ளைக்கு ஐந்தாவதும் ஏழாவதும் கடினம். அளவுக்கு மீறிய கூச்சமும் பயமும் உள்ள பிள்ளைக்கு நான்காவது பெரும் தண்டனை. ஆகவே உங்கள் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று முதலில் பாருங்கள். எங்கள் தம்பிக்கு முதலாவதே தெரியவில்லை. சோறு இருக்கும் இடம் தெரிந்தது, அங்கே போனான். மனிதர்கள் ஒருவர் பின் ஒருவராக நிற்பதற்கும் சோற்றுக்கும் தொடர்பு உண்டு என்பது அவனுக்குத் தெரியாது. அவன் ஒருவரையும் முந்த நினைக்கவில்லை.

ஏன் கடினமாக இருக்கிறது?

1943ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் லியோ கனர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், எல்லாம் மாறாமல் ஒரே ஒழுங்கில் இருக்க வேண்டும் என்று அவர்கள் வலுவாக விரும்பியதைக் குறிப்பிட்டார். வரிசையோ ஒவ்வொரு முறையும் வேறு. இன்று பத்துப் பேர், நாளை நூறு பேர். இன்று வலப்பக்கம் தொடங்கும், நாளை தூணைச் சுற்றி வளையும்.

இடைவெளி என்பதும் எழுதாத சட்டம். எட்வர்ட் ஹோல் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1966இல் வெளியிட்ட நூலில், மனிதர் தம்மைச் சுற்றி எவ்வளவு இடம் விடுகிறார்கள் என்பது பண்பாட்டுக்குப் பண்பாடு மாறுகிறது என்று விளக்கினார். நம் பிள்ளைகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். பாடசாலையிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒரு கை தூரம் விட்டு நிற்க வேண்டும். திருவிழா நாளில் ஆலயத்தில் ஒருவர் முதுகில் மற்றவர் மூச்சுப் படும். இரண்டு சட்டங்களையும் யாரும் சொல்லாமலே பிள்ளை அறிந்துகொள்ளும் என்று எதிர்பார்க்கிறோம்.

வீட்டில் பழக்கும் முறை

முதல் பாடம் ஆலயத்தில் வேண்டாம். வீட்டு நடைபாதையில் தொடங்குங்கள். நாளுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் போதும்.

முதற்படி, இடத்தைக் காட்டுதல். கிருஷ்ண ஜெயந்திக்குச் சில வீடுகளில் வாசலிலிருந்து சுவாமி அறை வரை மாவினால் சிறு பாதங்கள் வரைவார்கள் அல்லவா? அதைப்போல, பிள்ளையின் பாதத்தையே வண்ணக் காகிதத்தில் வரைந்து வெட்டி, ஒரு கை தூர இடைவெளியில் தரையில் ஒட்டுங்கள். "இடைவெளி விட்டு நில்" என்பது காதால் கேட்கும் சொல். பாதம் கண்ணால் பார்க்கும் பொருள். இந்தப் பிள்ளைகளில் பலர் காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பதை இலகுவாகப் பற்றிக்கொள்கிறார்கள். 1972இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் முழுவதற்கும் என எரிக் ஷொப்லர் அமைத்த கல்வித் திட்டமும் இப்படிக் கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கையே அடிப்படையாகக் கொண்டது.

இரண்டாம் படி, மூவர் வரிசை. அம்மா முன்னால், பிள்ளை நடுவில், அப்பா பின்னால். வரிசையின் முடிவில் பிள்ளைக்கு விருப்பமான ஒன்று இருக்கட்டும். ஒரு துண்டு முறுக்கோ விளையாட்டுக் காரோ போதும். அப்பா பின்னால் நிற்பதால் முதலில் கலவரப்படுகிற பிள்ளையைக் கடைசியில் விடுங்கள். பின்னால் ஒருவரும் இல்லாத இடம் அதற்கு நிம்மதி. சில நாள் கழித்து அப்பா ஒரு மீற்றர் தள்ளி நிற்கட்டும். பிறகு கிட்ட வரலாம்.

மூன்றாம் படி, காலத்தைக் கூட்டுதல். முதல் நாள் பத்து வினாடி. ஐந்து முறையில் நான்கு முறை சரியாக நின்றால் இருபது வினாடி. இப்படி ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று மெல்லக் கூட்டுங்கள். மணற்கடிகாரம் ஒன்று வாங்கினால் மிச்சமுள்ள நேரத்தைப் பிள்ளை கண்ணால் பார்க்கும். "கொஞ்சம் பொறு" என்று சொல்லாதீர்கள். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. "இன்னும் மூன்று பேர்" என்று விரலைக் காட்டி, ஒருவர் போகப் போக ஒரு விரலை மடக்குங்கள்.

நான்காம் படி, உதவியைக் குறைத்தல். முன்னால் நின்று கையை இழுக்க வேண்டாம். இழுத்தால், இழுப்பவர் இருந்தால்தான் நடக்கலாம் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். பின்னால் நில்லுங்கள். தொடுவது பிள்ளைக்குப் பிடிக்குமானால் தோளில் மெல்லத் தொடுங்கள். அடுத்த வாரம் தொடாமல் பாதத்தைச் சுட்டிக்காட்டுங்கள். அதற்கடுத்த வாரம் பார்வை மட்டும் போதும். பாதங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, சிறிய வட்டப் பொட்டுகளை ஒட்டுங்கள். கடைசியில் அவையும் வேண்டாம்.

பாராட்டும்போது "நல்ல பிள்ளை" என்று பொதுவாகச் சொல்லாமல், "அம்மா நின்றதும் நீயும் நின்றாய்" என்று செய்த காரியத்தைச் சொல்லுங்கள். எதற்காகப் பாராட்டு என்பது பிள்ளைக்குப் புரிய வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கால் வரிசையில் இருந்தால் போதும். பிள்ளை கையை உதறுகிறதா, முன்னும் பின்னும் அசைகிறதா, கண்ணைப் பார்க்காமல் இருக்கிறதா என்று கணக்கெடுக்காதீர்கள். அந்த அசைவே பல பிள்ளைகளைத் தாங்கி நிறுத்துகிறது. அதை நிறுத்தப் போனால் வரிசையும் போய்விடும்.

வரிசையாக நடத்தல்

நிற்பதைவிட நடப்பது கடினம். முன்னவரின் வேகம் மாறிக்கொண்டே இருக்கும். பாடசாலையில் தீ அபாய ஒத்திகை நடக்கும்போது வகுப்பு முழுவதும் வரிசையாக வெளியேற வேண்டும். ஆகவே இது உயிர்ப் பாதுகாப்புக்கான பாடமும் ஆகும்.

இதற்கு எங்கள் வகுப்பில் கயிறு பயன்படுத்தினோம். தேர் வடம் பிடிப்பது போலத்தான். ஆறு மீற்றர் நீளமுள்ள மெத்தென்ற கயிற்றில் ஒரு கை தூரத்துக்கு ஒரு முடிச்சு. ஆளுக்கு ஒரு முடிச்சு. கயிறு தொய்ந்தால் முன்னவருக்கு மிகக் கிட்ட வந்துவிட்டோம். இறுகினால் பின்தங்கிவிட்டோம். ஆசிரியர் வாய் திறக்காமலே கயிறு சொல்லிக் கொடுக்கிறது. வகுப்பு அறையிலிருந்து பிள்ளையார் சந்நிதி வரை போவதும் வருவதுமாகப் பல வாரம் நடந்தோம். பிறகு ஒரு நாள் கயிற்றை ஆசிரியரே பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, பிள்ளைகள் பக்கத்தில் நடந்தார்கள். அதன் பின் கயிறு பைக்குள் போய்விட்டது.

கையில் ஒரு பொறுப்பு இருப்பதும் உதவும். பூத்தட்டையோ தேவாரப் புத்தகங்களையோ சுமக்கும் பிள்ளைக்கு மற்றவரைத் தொடக் கை ஓய்வாக இராது. வரிசையில் தனக்கும் ஓர் இடம் உண்டு என்பதும் விளங்கும்.

சிறு கதை எழுதிக் கொடுங்கள்

1990களின் தொடக்கத்தில் கரோல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியை ஒரு முறையை உருவாக்கினார். புதிய இடத்தில் என்ன நடக்கும், மற்றவர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பதைச் சிறு கதையாக எழுதி, போவதற்கு முன் பிள்ளையோடு அமைதியாக வாசிப்பது. அதட்டலும் கட்டளையும் குறைவாக, விளக்கம் அதிகமாக இருக்க வேண்டும். அந்த முறையில் எங்கள் வகுப்புக்கு எழுதியது இது:

"ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போவேன். பூசை முடிந்ததும் எல்லோருக்கும் பசிக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் சோறு எடுக்க முடியாது. அதனால் ஒருவர் பின் ஒருவராக நிற்பார்கள். இதற்கு வரிசை என்று பெயர். கடைசியாக நிற்பவருக்குப் பின்னால் நான் நிற்பேன். முன்னால் உள்ளவர் நடந்தால் நானும் நடக்கலாம். சத்தமாக இருந்தால் காதுக்கவசம் போடலாம். களைத்துப் போனால் அம்மாவிடம் நீல அட்டையைக் காட்டுவேன். நாங்கள் வெளியே போய் இருந்துவிட்டு வரலாம். என் முறை வந்ததும் எனக்கும் சோறு கிடைக்கும்."

கடைசி வசனம் மிக முக்கியம். வரிசையில் நின்றால் தனக்குக் கிடைக்காமல் போய்விடும் என்று பயப்படுகிற பிள்ளைகள் உண்டு. உங்கள் பிள்ளையின் பெயரையும் நம் ஆலயத்தின் படங்களையும் சேர்த்து எழுதினால் இன்னும் நல்லது.

தமிழா, ஆங்கிலமா?

பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இத்தகைய பிள்ளைகளோடு வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசுங்கள் என்று முற்காலத்தில் பலருக்கு அறிவுரை கூறப்பட்டது. இரு மொழி கேட்டு வளர்வதால் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் மொழி வளர்ச்சி கூடுதலாகப் பின்தங்குவதில்லை என்றே கடந்த இருபது ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. அம்மம்மாவோடு பேசும் மொழியைப் பறிக்க வேண்டியதில்லை. சொற்கள் குறைவாகவும் மாறாமலும் இருந்தால் போதும். "நில்", "நட", "உன் முறை" ஆகிய மூன்று சொற்களை வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரிச் சொல்லுங்கள். பாடசாலையில் சொல்லும் ஆங்கிலச் சொற்களையும் அதே படத்தின் கீழ் எழுதிவிடுங்கள்.

ஆலயத்துக்கு வரும்போது

முதலில் சனம் குறைந்த வார நாளில் வாருங்கள். வரிசையின் கடைசிப் பகுதியிலிருந்து தொடங்குங்கள். அதாவது, அப்பா வரிசையில் நிற்கட்டும். அவருக்கு முன்னால் ஒருவர் மட்டும் மிஞ்சும்போது பிள்ளை வந்து சேரட்டும். நின்றது, உடனே விபூதி கிடைத்தது. அடுத்த முறை இருவர் இருக்கும்போது, பிறகு மூவர் இருக்கும்போது. இப்படிப் பின்னோக்கிப் போனால் ஒவ்வொரு முறையும் பாடம் வெற்றியில் முடியும்.

தவிலும் மணியும் ஒலிக்கும் நேரத்தில் வரிசைப் பாடம் வேண்டாம். பிள்ளை காதைப் பொத்துவது, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது, ஆடையை இழுப்பது போன்ற அறிகுறிகள் தெரிந்தால் உடனே வெளியே போங்கள். உடைந்து அழும் வரை காத்திருக்க வேண்டாம். அது அடம் அல்ல. நிரம்பிய குடம் வழிவது போன்றது. அந்த நேரத்தில் அறிவுரை ஏறாது. அமைதியான இடமும் தெரிந்த ஒருவரும் போதும். அடுத்த நாள் ஒரு படி கீழே இறங்கித் தொடங்குங்கள்.

அடியார்களுக்கு ஒரு வேண்டுகோள்

பெற்றோர் எவ்வளவு பழக்கினாலும் வரிசையின் மற்றப் பாதி நம் கையில் இருக்கிறது.

ஒரு பிள்ளை முந்தினால் "கடைசி இங்கே இருக்கிறது, தம்பி" என்று கையால் காட்டுங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தாயிடம் அறிவுரை சொல்லாதீர்கள். "நான் உங்கள் இடத்தைப் பார்த்துக்கொள்கிறேன், போய் வாருங்கள்" என்று சொல்லுங்கள். தந்தை நிற்க, பிள்ளை பிறகு வந்து சேர்ந்தால் முணுமுணுக்காதீர்கள். "எங்கட காலத்தில இதெல்லாம் இல்லை" என்று சொல்லும் பெரியவர்களுக்கும் பணிவாக ஒன்று சொல்கிறேன். அந்தக் காலத்திலும் இப்பிள்ளைகள் இருந்தார்கள். வீட்டுக்குள் இருந்தார்கள்.

ஆலய நிர்வாகத்தினர் அன்னதான மண்டபத் தரையில் பாத அடையாளங்கள் ஒட்டவும், நிற்க இயலாதவர் அமர்ந்து காத்திருக்கச் சில கதிரைகள் போடவும் இணங்கியிருக்கிறார்கள். நாம் வாழும் பிரித்தானியாவில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், பொதுமக்களுக்குச் சேவை வழங்குவோர் மாற்றுத்திறனாளிகளுக்காக நியாயமான மாற்றங்களைச் செய்ய வேண்டும் என்று கேட்கிறது. சட்டம் கேட்காவிட்டாலும் நாம் செய்ய வேண்டியதே. அந்தக் கதிரைகள் முழங்கால் வலியுள்ள நம் அம்மம்மாமாருக்கும் உதவும்.

அந்தத் தம்பி இப்போது

எட்டு மாதத்துக்குப் பின் அவர்கள் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை வந்தார்கள். மண்டபத்தில் ஆறு பேர்தான் இருந்தார்கள். விபூதி வாங்க அவனுக்கு முன்னால் ஒருவர். அன்று நின்றான். ஐந்து பேருக்குப் பின்னால் நிற்க ஏறக்குறைய ஓராண்டு சென்றது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். எங்கள் வரிசையும் அப்படித்தான் ஊர்ந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். திருவிழா நாளின் பெரிய வரிசையில் இன்றும் அவனால் நிற்க இயலாது. அன்று தாய் முன்கூட்டியே சொல்லிவிடுவார், தொண்டர் ஒருவர் தட்டைக் கொண்டுபோய்க் கதிரையில் கொடுப்பார். ஆனால் அவன் வருகிறான். போன மாதம் வகுப்பு சந்நிதிக்கு நடந்தபோது புதிதாகச் சேர்ந்த சிறு பிள்ளை ஒன்று நடுவில் புகுந்தது. அவன் அதைத் தள்ளவில்லை. பின்பக்கம் கையைக் காட்டி, "கடைசி அங்கே" என்றான்.

வீட்டுப் பயிற்சி செய்ய விரும்பும் பெற்றோருக்குப் பாத அச்சுகளும், மேலே தந்த கதையின் படப் பிரதியும் வகுப்பு அறையில் உண்டு. பெயர் பதிய வேண்டியதில்லை, காரணம் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பு முடிந்ததும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். முன்பு வந்து, பிறகு வராமல் விட்ட குடும்பங்களை அறிந்தவர்கள் இந்தப் பக்கத்தை அவர்களுக்கும் கொடுங்கள்.

அன்புடன்,
சமய வகுப்பு ஆசிரியை